கத்தரித் தோட்டத்துக் குளவி

பாப்பா,

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய கத்தரிச் செடிப் படத்தைப் பார்த்தேன். "இதுக்கு இன்னா போடலாம்னு அப்பாவ கேட்டு சொல்லும்மா" என்று கீழே எழுதியிருந்தாய். பூச்சியைப் பற்றிக் கேட்பதற்குக்கூட நம் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டியதாகிவிட்டது. அம்மா போனை என் கையில் திணித்து, "நீங்களே சொல்லுங்க, எனக்கு பேன் பாக்கத்தான் தெரியும், பூச்சி பாக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சின்னக் கட்டத்தில் விரலால் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். அம்மா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். என் கையெழுத்தைக் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று பள்ளிக்கூடம் படிக்கும்போதே சொன்னவள் நீ, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி. பூச்சியில் ஆரம்பித்தாலும் வேறு விஷயமும் இதில் வரும். பொங்கலுக்கு வந்துவிட்டுப் பாதியில் கிளம்பிப் போனாயே, அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். அதற்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவே இல்லை. போனில் "சாப்டீங்களா" என்பதோடு நம் பேச்சு முடிந்துபோகிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் செடியைப் பார்ப்போம். படத்தில் இலை பீடி மாதிரி சுருண்டிருக்கிறது. அதை மெதுவாகப் பிரித்துப் பார், உள்ளே ஒரு புழு ஒளிந்திருக்கும். மருந்துக் கடைக்கு ஓடாதே. சுருண்ட இலையைக் கிள்ளி, சோப்புத் தண்ணீர் இருக்கிற டப்பாவில் போட்டுவிடு, அவ்வளவுதான். நுனிக்குருத்து வாடித் தலை தொங்கினால் அது வேறு புழு, தண்டுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வாடின இடத்துக்குக் கீழே வெட்டி எடுத்துவிடு. அதை அந்தத் தொட்டியிலேயே போடாதே, திரும்ப ஏறிக்கொள்ளும். தினமும் காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இலைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிடு. ஓசூரில் நீ வைத்திருப்பது பால்கனியில் நாலைந்து தொட்டி. அதற்குக் கண்ணும் விரலும் போதும். பூச்சி மருந்துக் கம்பெனிக்காரன் பிழைத்துக்கொள்வான், அவனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இந்த வேலையெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. மறந்திருப்பாய், அவ்வளவுதான். ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாய். ரெட்டைப் பின்னல், யூனிபாரம், காலில் ஷூ, கையில் கொட்டாங்குச்சி நிறையப் புழு. அதைக் கோழிகளுக்குப் பங்கு வைப்பாய். ஒரு கோழி ரெண்டு எடுத்துவிட்டால் அதை விரட்டிவிட்டு, பயந்து ஓரமாக நிற்கிற கோழியைக் கூப்பிட்டுப் போடுவாய். வேன்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருப்பான். "கோழிக்கு நாயம் சொல்லிட்டு வராளாம், நில்லுப்பா" என்று அம்மா வாசலில் நின்று அவனைச் சமாதானம் செய்வாள். அந்த வருசங்களில் நம் கொல்லைக் கத்தரிக்கு நான் எந்த மருந்தும் அடித்ததில்லை. கரும்புக்கு அடித்திருக்கிறேன், நெல்லுக்கு அடித்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கொல்லையில் மட்டும் அடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

பொறிவண்டு விஷயம் நினைவிருக்கிறதா? அவரைப் பந்தலில் சிவப்பாகப் பளபளவென்று இருந்த வண்டையெல்லாம் அழகாக இருக்கிறதென்று தீப்பெட்டியில் பிடித்துப்போட்டு ஸ்கூலுக்கு எடுத்துக்கொண்டு போனாய். அந்த வாரமே அவரைக் கொழுந்து முழுக்க அசுவினி அப்பிக்கொண்டது. கருப்பாக, பிசுபிசுவென்று, தொட்டால் கையில் ஒட்டியது. பொறிவண்டுதான் அசுவினியைத் தின்று தீர்க்கிற ஆள், அதை நீ ஊர்வலம் கூட்டிக்கொண்டு போய்விட்டாய் என்று சொன்னேன். மறுநாள் மீதி இருந்த வண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து, பந்தல் கால் பக்கத்தில் தீப்பெட்டியைத் திறந்துவைத்து, "வில்லியனூர் எறங்கறவங்கள்லாம் எறங்கு, எறங்கு, படியில நிக்காத" என்று கண்டக்டர் மாதிரி கத்தினாய். நான் சாம்பல் முறத்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் தொட்டியிலும் அசுவினி வந்தால், ஈரம் காயாத விடியற்காலையில் சலித்த சாம்பலைத் தூவு. அடுக்கு மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது என்பாய். பரவாயில்லை, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். கத்தரி இலையில் வண்டைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பார். பளபளப்பாக இருந்தால் நம் ஆள். மங்கலாக, முதுகு முழுக்கப் புள்ளியாக, இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கிக்கொண்டிருந்தால் அது களவாணி. ரெண்டுக்கும் ஒரே சாயல், குணம் வேறு.

வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். அடிக்கலாம், ஆனால் உன் அப்பன் அடித்த மாதிரி அடிக்காதே. நீ காலேஜில் சேர்ந்த வருசம் வெண்டைக்கு வெள்ளை ஈ வந்தது. எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று சொன்னார்கள். சோப்பு எதற்கு, எண்ணெய் எண்ணெய்தானே என்று அப்படியே தண்ணீரில் ஊற்றி, அதையும் உச்சி வெயிலில் கொண்டுபோய் அடித்தேன். எண்ணெய் தனியாகத் திட்டுத் திட்டாக இலையில் நின்றது. சாயங்காலம் பார்த்தால் வெண்டைச் செடியெல்லாம் வடைச் சட்டியில் விழுந்து எழுந்த மாதிரி கருகி நிற்கிறது. அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "பொரிச்சது பொரிச்சீங்க, கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்" என்றாள். அதனால், எண்ணெயில் சோப்புக் கரைசலை ஊற்றிப் பால் மாதிரி ஆகும்வரை அடித்துக் கலக்கு, பிறகு தண்ணீர் சேர். வெயில் தாழ்ந்தபின் இலைக்கு அடிப்பக்கம் படும்படி தெளி. முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மற்றதற்குப் போ. தெரியாத எதையும் ஒரே நாளில் எல்லாச் செடிக்கும் செய்துவிடக் கூடாது.

மீன் பானையை மட்டும் நீ மறந்திருக்க முடியாது. நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அந்தம்மாவிடம் செதிலும் குடலுமாக ஒரு கூடை வாங்கி, வெல்லம் போட்டு ஊறவைத்தேன். சரியாக ஊறினால் பழவாடைதான் வரும், செடிக்கு நல்ல ஊட்டம், ஊட்டமான செடி பூச்சிக்குச் சீக்கிரம் தலை சாய்க்காது. நான் வெல்லத்தில் கஞ்சத்தனம் பிடித்தேன். உன்னைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துச் சேவல் ஒன்று பானை மேல் ஏறி, மூடி நழுவியது. காற்றும் அந்தப் பக்கத்திலிருந்தே அடித்தது. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே ஊறிப் போயிருப்பேன். மாப்பிள்ளைதான் எழுந்துவந்து, "அங்கிள், இது இன்னா, செடிக்கா? எங்க மாடியிலயும் தொட்டி இருக்கு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார். நீ உள்ளே இருந்து சிரித்தது கூடத்துக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் இந்த இடம் அமையும் என்று எனக்குத் தோன்றியது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பக்கத்தில் வந்து கேட்கிற மனுசன் கிடைப்பது பெரிய விஷயம். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, குளவிக்கு வருகிறேன். நீ இந்த இடத்தில் பேப்பரை மடக்கிவிடுவாய் என்று தெரியும். மடக்காதே.

குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. அதனால் கூட்டை யாரும் உடைக்க மாட்டார்கள். சாமி படத்து மேல் கட்டினாலும் சரி, சுவிட்சுப் பெட்டியில் கட்டினாலும் சரி, விட்டுவிடுவார்கள். நீ பிறந்ததும் அப்படித்தான் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தாய். எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் கழித்து, குளவி கூடு கட்டி, அதன்பிறகு நீ பிறந்தாய் என்பது நம் வீட்டுக் கதை. ஸ்கூலில் போய், "என்ன குளவிதான் எங்கம்மாக்கு சொல்லி அனுப்பிச்சிது" என்று பீற்றிக்கொள்வாய். குழாயடிச் சேற்றில் உட்கார்ந்து குளவி மண் உருட்டுவதை மணிக்கணக்கில் பார்ப்பாய். அது சின்னப் பானை மாதிரி ஒரு அறை கட்டி, கத்தரியிலிருந்து பச்சைப் புழுவாகத் தூக்கிவந்து உள்ளே அடைத்து, முட்டை வைத்து, வாயை மண்ணால் பூசுகிற வரைக்கும் உனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரு நாள் என்னிடம், "புழு செத்துப் போச்சாப்பா?" என்று கேட்டாய். சாகவில்லை, கொட்டி மயக்கிவைத்திருக்கிறது, குஞ்சு பொரிந்து வந்ததும் அதற்குச் சாப்பாடு என்றேன். நீ விடாமல், "அப்போ அம்மா குளவி எப்ப வந்து ஊட்டும்?" என்றாய். வராது, சாப்பாட்டைக் கட்டிவைத்துவிட்டுப் போய்விடும், குஞ்சை அது பார்க்கவே பார்க்காது என்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது நீ அம்மாவை விட்டு நகரவே இல்லை.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன். உனக்குக் கல்யாணமான முதல் ரெண்டு வருசம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். நீயும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும், அவள் மூலம் எனக்கும் தெரியும். இந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது உன் அறை ஜன்னல் சட்டத்தில் ஒரு கூடு இருந்தது. வாய் இன்னும் மூடவில்லை. என் அக்கா, உன் பெரிய அத்தை, திருவாண்டார்கோயிலிலிருந்து வந்தவள், அதைப் பார்த்துவிட்டாள். கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போது, "எம்மாடி, இவ ரூம்லயே கட்டியிருக்குது பாரு. இந்த வருசம் தாண்டாது. கட்டில்ல ஒழுங்கா படுத்து எழுந்தாலே போதும்" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நீ மூலையில் இருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மண் உதிர்கிற சத்தம் கேட்டது. நான் வந்து பார்க்கும்போது தரையில் பச்சைப் புழுக்கள் கிடந்தன. குளவி திரும்பி வந்து, சட்டத்தில் கூடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கிளம்பச் சொன்னாய். பஸ் ஸ்டாப்பில் நான் நின்றபோது, "இத்தன வருசமா அந்தக் கூட்ட எல்லாம் இதுக்குத்தான் காப்பாத்திகினு இருந்தியாப்பா?" என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டது. நீ ஏறிப் போய்விட்டாய்.

இந்தப் பேப்பரில் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். இதில் இருப்பது எதுவும் உனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க, அவளுக்கு இப்ப தெரிஞ்சாகணும்" என்று அவள்தான் சொன்னாள்.

எங்களுக்குக் கல்யாணமான வருசமே இந்த வீட்டில் குளவி கூடு கட்டியது. எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். பிள்ளை உண்டாகவில்லை. அடுத்த வருசமும் கட்டியது. அதற்கடுத்த வருசமும் கட்டியது. கொல்லையில் கத்தரியும் அவரையும் இருந்தால், குழாயடியில் ஈரமண் இருந்தால், குளவி எங்கே போகும்? ஒவ்வொரு கூட்டுக்கும் யாராவது ஒருத்தி வந்து அம்மாவின் வயிற்றைப் பார்ப்பாள். "இன்னா, ஏதாவது விசேசமா?" என்பாள். வில்லியனூர்ச் சந்தைக்குப் போனால் அங்கேயும் கேட்பார்கள். தேர் பார்க்கப் போனால், வடம் தொட்டுக் கும்பிட்டவர்கள் திரும்பி அதையே கேட்பார்கள். அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவுகிற சாக்கில் தொட்டியடியில் ரொம்ப நேரம் நிற்பாள். நான் கொல்லைக்குப் போய்க் களை பிடுங்குவேன். ஆம்பளைக்கு வாய்த்தது அதுதானே, துக்கம் வந்தால் மண்வெட்டி.

ஒரு நாள் நான் கழனியிலிருந்து வந்தேன். வீடு முழுக்க மண் தூள். நிலைப்படி மேல், உத்திரத்தில், அலமாரிக்குப் பின்னால், ஒரு கூடு விடாமல் உன் அம்மா உடைத்துப் போட்டிருந்தாள். அதே மாதிரி தென்னந்துடைப்பம்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். "இதுங்க எதிரிலயே இருந்துகினு என்ன ஏளனம் பண்ணுதுங்க" என்றாள். ரெண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டைப் பெருக்கினோம். அதன்பிறகு எங்கே மண் ஒட்டினாலும் அன்றைக்கே தட்டிவிடுவாள். ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளை வரம் வேண்டுகிறவள் கூட்டை உடைத்தாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

அந்தப் பருவத்தில் கொல்லைக் கத்தரியைப் புழு கந்தலாக்கியது. குளவி போனதால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மழையும் அந்த வருசம் ஒழுங்காக இல்லை. ஆனால் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற துக்கம் போதாதா, செடியுமா இப்படிப் போக வேண்டும் என்று, கரும்புக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்துக் கொல்லை முழுக்க அடித்துவிட்டேன். புழு செத்தது. கூடவே பொறிவண்டு செத்தது, சிலந்தி செத்தது, பூவுக்கு வந்த தேனீயைக்கூடக் காணோம். வேலியில் எப்போதும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணானும் எங்கேயோ போய்விட்டது. கொஞ்ச நாளில் புழு மட்டும் திரும்பி வந்தது. அதைத் தின்கிறதுக்கு ஒரு ஜீவன் வரவில்லை. கொல்லை சத்தமே இல்லாமல் கிடந்தது. மருந்து அடித்த காய் என்று அம்மா அதைக் கையால் தொடவும் மாட்டேன் என்றுவிட்டாள். சந்தையில் காசு கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கிய ஒரே வருசம் அதுதான்.

மறு வருசம் தை மாதம் என்று நினைக்கிறேன். ஒரு குளவி எங்கிருந்தோ வந்து அடுப்படி ஜன்னலில் மண் ஒட்ட ஆரம்பித்தது. அம்மா துடைப்பத்தை எடுக்கப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. தோசை கருகுகிறது, அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குளவி புழுவைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து உள்ளே தள்ளியது. அப்போது அம்மா சொன்னாள்: "இது எனக்கு குறி சொல்லவா கட்டுது? அது புள்ளைக்கு அது கட்டுது. நாமதான் நடுவுல பூந்து நம்ம கதைய அது தலையில ஏத்திட்டோம். பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்." அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் கூட்டை உடைத்ததில்லை. கொல்லையில் நான் மருந்தும் அடித்ததில்லை. பின்னால் சொல்கிறேன் என்றேனே, காரணம் இதுதான். பிள்ளை வரம் கேட்டுக் கூட்டைக் காப்பாற்றினோம் என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த ஆசையை விட்ட பிறகுதான் நாங்கள் காப்பாற்றவே ஆரம்பித்தோம்.

அதற்கும் பல வருசம் கழித்துத்தான் நீ வந்தாய். டாக்டரம்மா பார்த்த வைத்தியம், எங்கள் அதிர்ஷ்டம், எதுவோ. அந்த வருசமும் குளவி கட்டியிருந்தது, எல்லா வருசமும் கட்டுவதுபோல. உன்னைப் பார்க்க வந்த பெரிய அத்தை கண்ணில் அந்தக் கூடு பட்டது. அவள்தான் கதையை ஆரம்பித்தாள். பிள்ளை பிறந்த சந்தோசத்தில் நாங்களும் மறுத்துப் பேசவில்லை. உனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. கட்டியும் ஒன்றும் நடக்காத வருசங்களை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை பாப்பா. நீ பிறந்த ஒரு வருசத்தை மட்டும் ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி நீ உன்னை நொந்துகொள்ளாதே. குளவிக்கு உன்னைப் பற்றி எதுவும் தெரியாது.

நீ போனபின் பெரிய அத்தையிடம் பேசினேன். நேரில் போய்த்தான் பேசினேன். "நான் நல்லதுக்குத்தாண்டா தம்பி சொன்னன்" என்றாள். "நல்லது சொல்றதுன்னா அவ காதுல தனியா சொல்லு, இல்லன்னா சொல்லாத. கூடத்துல உக்காந்து சொன்னா அது நல்லது இல்லக்கா" என்றேன். என் அக்காவிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. முதலில் கோபப்பட்டாள், அப்புறம் அழுதாள். கெட்டவள் இல்லை, வாய் நீளம். அடுத்த முறை உன்னைப் பார்த்தால் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டாள். முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்து உன் பையில் திணிப்பாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் முறுக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்.

பால்கனிச் செடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் பாக்கி. செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருப்பதாக அம்மா சொன்னாள், அது மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடு. தொட்டியைத் தண்ணீர்த் தட்டு மேல் வை, எறும்பு ஏறாமல் இருந்தால்தான் மாவுப்பூச்சி அடங்கும், அதைச் சுமந்துபோய்ப் பரப்புவதே எறும்புதான். மருந்து இல்லாமல் செடி வளர்த்தால் சில இலைகள் ஓட்டையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அவ்வளவு உயரத்துக்கும் ஒரு நாள் குளவி வரும். உன் ஜன்னலில் மண் ஒட்டும். அதை விட்டாலும் சரி, தட்டிவிட்டாலும் சரி. அது உன் வீடு. நாங்கள் யாரும் அதற்கு அர்த்தம் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போவதும், நிறுத்துவதும், வேறு வழி பார்ப்பதும், எதுவும் வேண்டாம் என்று ரெண்டு பேருமாக இருந்துவிடுவதும் உங்கள் முடிவு. என் வாயால் ஒரு கேள்வி வராது. இந்த வீட்டுக்குள் வேறு யார் கேட்டாலும் முதலில் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வில்லியனூர்த் தேருக்கு வருவாயா என்று கேட்டு முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். எழுதினதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். துடைப்பம் வருகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பங்குக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்:

"பேரன் பேத்திய பாக்கவா நான் அவள பெத்தன்? அவள பாக்கத்தான் பெத்தன். வரச் சொல்லுங்க."